ஃப்ளூவோடு பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டதா? ரத்தம் என்ன சொல்லும்?

ஃப்ளூ நோயாளிக்கு எடுக்கும் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் (உடலில் அழற்சியோ தொற்றோ வந்தால் ரத்தத்தில் உயரும் புரதங்கள்) பரிசோதனைகளைப் பற்றி நோயாளிகளின் வீட்டார், இளம் மருத்துவர்கள், லேப் ஊழியர்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் 'இன்ஃப்ளூயன்சா ஏ' என்று வந்துவிட்டது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

மூக்குப் பரிசோதனை வைரஸ் இருக்கிறது என்று சொல்லும். பாக்டீரியா இல்லை என்று அதனால் சொல்ல முடியாது. ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்படலத்தை உரித்துப் போடுகிறது. சளியை மேலே தள்ளிக்கொண்டிருந்த நுண்ணிய மயிர்கள் வேலை செய்யாமல் போகின்றன. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவு தராமல் குடியிருந்த நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், ஹீமோஃபிலஸ் போன்றவை இந்த நேரம் பார்த்து நுரையீரலுக்குள் இறங்குகின்றன. 1918 கொள்ளைநோயில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்கள் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலான உயிர்களைக் குடித்தது ஃப்ளூவின் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று தெரிந்தது. (பட்டியலில் கடைசியாகச் சொன்ன ஹீமோஃபிலஸின் முழுப்பெயர் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே'. ஃப்ளூவுக்கு இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் நம்பியதால் ஒட்டிக்கொண்ட பெயர். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் 1933-இல் பிரித்தெடுக்கப்பட்டும் பழைய பெயர் போகவில்லை.)

ஆனால் ஒன்று. இரண்டு நாள் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சு சீராக இருக்கிறது என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு இந்த ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் எடுத்த சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதலாக வந்து, அதைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூச்சு வாங்குகிறவர், ஆக்சிஜன் அளவு குறைந்தவர், ரத்த அழுத்தம் இறங்கியவர், குணமாகி வந்து மறுபடி காய்ச்சல் கண்டவர், ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் ஆகியும் தேறாதவர் ஆகியோருக்குத்தான் இந்தக் கேள்வியே எழ வேண்டும்.

ஃப்ளூ உறுதியான நோயாளி. சி.ஆர்.பி. 48 என்று வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?

எந்த நாளில் எடுத்த 48 என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

சி.ஆர்.பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகிறது. ஆறு, எட்டு மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்குகிறது, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சத்தைத் தொடுகிறது. தூண்டுதல் நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. அழற்சியைக் கிளப்பியது வைரஸா பாக்டீரியாவா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. அதனால் வெறும் ஃப்ளூவிலேயே 2 முதல் 4-ஆம் நாளுக்குள் 10 முதல் 60 வரை ஏறுவது சகஜம். ஒரு வாரத்தில் அது தானாக இறங்கிவிடும்.

ஆக, மூன்றாம் நாள் 48 என்றால் அது ஃப்ளூவின் சொந்தக் கணக்காகவே இருக்கலாம். அதே 48, நான்காம் நாள் 20-க்கு இறங்கி, எட்டாம் நாள் காய்ச்சலோடு திரும்பி ஏறிய 48 என்றால் கதை வேறு. அப்போது மார்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இருமல், சளியோடு வருபவர்களுக்கு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் ஒரு வரம்பு வகுத்தது. நிமோனியா என்று மருத்துவப் பரிசோதனையில் தெளிவாகத் தெரியாதபோது, 20-க்குக் கீழ் இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம். 20 முதல் 100 வரை இருந்தால், நிலைமை மோசமானால் வாங்கிக்கொள்ளும்படி சீட்டு மட்டும் எழுதிக்கொடுக்கலாம். 100-ஐத் தாண்டினால் ஆன்டிபயாடிக் தரலாம். நடுவிலுள்ள பெரிய இடைவெளியை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள். ஃப்ளூ நோயாளிகளில் பெரும்பாலோர் விழுவது அந்த இடைவெளியில்தான்.

இன்னொரு விஷயம், அலகைப் பாருங்கள். மேலே சொன்ன எண்களெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அச்சிடுகின்றன. அங்கே 4.8 என்றால் இங்கே 48. ஒரு லேப்பில் 60, மறுநாள் வேறொரு லேப்பில் 9 என்று வந்ததும் 'நன்றாக இறங்கிவிட்டது' என்று மகிழ்ந்து, பிறகு பார்த்தால் அது 90.

சி.ஆர்.பி.யைவிட புரோகால்சிட்டோனின் நம்பகமானது என்கிறார்கள். அதில் அப்படி என்ன விசேஷம்?

வைரஸ் அதை அடக்கி வைக்கிறது, அதுதான் விசேஷம்.

புரோகால்சிட்டோனின் 116 அமினோ அமிலங்கள் கொண்டது. சாதாரண நாளில் தைராய்டின் சி-செல்கள் மட்டும் இதைத் தயாரித்து, உடனே வெட்டி, கால்சிட்டோனின் ஹார்மோனாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சுவது மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராமுக்கும் குறைவு. பாக்டீரியா நுழைந்தால் கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று உடலின் பல திசுக்களும் இதைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. ஆனால் அங்கெல்லாம் அதை வெட்டி மாற்றும் வசதி இல்லை. எனவே புரோகால்சிட்டோனின் அப்படியே ரத்தத்தில் கொட்டுகிறது. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா இந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) வந்த குழந்தைகளிடம் இது உயர்வதை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதிலிருந்துதான் இதன் புகழ்.

வேகமும் கூடுதல். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும். நுரையீரல் தொற்றில் பரவலாகக் கையாளும் வரம்பு இது: 0.1-க்குக் கீழ் பாக்டீரியா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 0.1 முதல் 0.25 வரை குறைவு, 0.25-ஐத் தாண்டினால் இருக்கலாம், 0.5-ஐத் தாண்டினால் வலுவான சந்தேகம்.

இந்த எண்கள் 'இல்லை' என்று சொல்லும்போது உள்ள உறுதி 'உண்டு' என்று சொல்லும்போது இல்லை. கடுமையான ஃப்ளூவில் நுரையீரல் முழுக்க வெந்து, ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போய், சிறுநீரகமும் தடுமாறினால், ஒரு பாக்டீரியாகூட இல்லாமலே புரோகால்சிட்டோனின் 1, 2 என்று ஏறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 1.2 என்ற எண்ணை வைத்துக்கொண்டு 'பாக்டீரியா உறுதி' என்று எழுதுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். அதே படுக்கையில் 0.08 என்று வந்தால் அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

அந்த 0.08 வந்த ஒரு ஃப்ளூ நோயாளிக்கு எக்ஸ்ரேயில் வலது கீழ்மடலில் நிமோனியா தெரிகிறது. ஆன்டிபயாடிக் இல்லாமல் காத்திருக்கலாமா? (இளம் மருத்துவர் ஒருவர்)

வேண்டாம். எக்ஸ்ரேயில் நிமோனியா தெளிவாக இருந்தால், முதல் புரோகால்சிட்டோனின் எவ்வளவு இருந்தாலும் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய்ச் சங்கமும் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல். ஃப்ளூ பாசிட்டிவாக உள்ள நிமோனியா நோயாளிக்கும் இது பொருந்தும். காரணம் எளிது: காலையில் இறங்கிய பாக்டீரியாவுக்கு மதியம் எடுத்த ரத்தம் இன்னும் சாட்சி சொல்லத் தொடங்கியிருக்காது. மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் இந்த எண்ணைப் பெரிதாக அசைப்பதும் இல்லை. ஒரே இடத்தில் சுவர் கட்டிக்கொண்ட சீழ்க்கட்டியும் அப்படியே.

அந்த 0.08 பயன்படப்போவது மூன்றாம் நாளில். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை எடுங்கள். அதுவும் 0.1-க்குள் நின்று, கல்ச்சரில் (மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எதுவும் வளராமல், நோயாளியும் நிதானத்துக்கு வந்துவிட்டால் 48 முதல் 72 மணி நேரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம். தொடங்காமல் இருப்பதற்கு வேண்டிய தைரியத்தைவிட, சீக்கிரம் நிறுத்துவதற்கான தைரியத்தைத்தான் இந்தப் பரிசோதனை தர வேண்டும்.

வெள்ளையணு 2,800-தான் இருக்கிறது. குறைந்தால் வைரஸ், கூடினால் பாக்டீரியா என்று படித்த நினைவு. நிம்மதியாக இருக்கலாமா?

பெரும்பாலான ஃப்ளூவில் அந்தக் கணக்கு சரி; வெள்ளையணுவும், குறிப்பாக அதில் ஒரு வகையான லிம்போசைட்டும் குறையும். ஆனால் ஒரு விதிவிலக்கு ஆளைக் கொல்லும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் சில வகைகள் பான்டன்-வேலன்டைன் லூக்கோசிடின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது வெள்ளையணுக்களையே துளைத்து அழிக்கும். ஃப்ளூ வந்த ஆரோக்கியமான இளவயதினருக்கு ஓரிரு நாளில் இருமலில் ரத்தம், ரத்த அழுத்தச் சரிவு, வெள்ளையணு 3,000-க்குக் கீழ் என்று வந்தால், அது வைரஸ் அடையாளமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது; மிக ஆபத்தான நிமோனியாவின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு சி.ஆர்.பி.யும் புரோகால்சிட்டோனினும் மிக உயர்ந்திருக்கும். அணு எண்ணிக்கை தரையில், மார்க்கர் (சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் போன்ற அடையாளப் புரதம்) உச்சத்தில் என்ற இந்த முரண்பாடே தடயம்.

எண்ணிக்கையோடு விட்டுவிடாமல் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். முதிராத 'பேண்ட்' செல்கள் கூடியிருப்பதும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் கரும் துகள்கள் தெரிவதும், மொத்த எண்ணிக்கை சாதாரணமாக இருக்கும்போதே பாக்டீரியாவைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெள்ளையணு 15,000 என்று வந்தால் அதில் பாதிப் பங்கு மருந்துடையதாக இருக்கலாம். கர்ப்பிணிக்கும் 12,000, 14,000 இயல்பே.

இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) உதவுமா?

இந்த வேலைக்கு உதவாது. மெல்ல ஏறும், வாரக்கணக்கில் இறங்கும், ரத்தசோகை இருந்தாலே கூடும்.

டயாலிசிஸ் செய்யும் ஃப்ளூ நோயாளி. புரோகால்சிட்டோனின் 0.6. இது கூடுதலா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எந்தத் தொற்றும் இல்லாமலே 0.5-ஐ ஒட்டி நிற்பதுண்டு. டயாலிசிஸ் அதில் ஒரு பகுதியை வெளியேற்றவும் செய்யும். எனவே ரத்தத்தை எப்போதும் டயாலிசிஸுக்கு முன்பே எடுங்கள். பழைய அளவு ஏதாவது பதிவில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். 0.6 தனியாக எதையும் சொல்லவில்லை, நாளை 2.4 ஆனால் சொல்லும்.

இதேபோல் ஏமாற்றும் மற்ற சந்தர்ப்பங்கள்: பெரிய அறுவை சிகிச்சை, பலத்த காயம், தீக்காயம், இதயம் தளர்ந்து வரும் அதிர்ச்சி நிலை, தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய், பிறந்து இரண்டு நாள் ஆகாத சிசு. எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. டோசிலிசுமாப் ஊசி போட்டவருக்கு இன்டர்லூக்கின்-6-இன் வழியே அடைபட்டிருப்பதால் சி.ஆர்.பி. வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கும், உள்ளே என்ன எரிந்தாலும் எழாது. முற்றிய கல்லீரல் நோயிலும் சி.ஆர்.பி. முழு வீச்சில் ஏறாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதை இறக்கும்.

ஒரே நோயாளிக்குப் புரோகால்சிட்டோனின் காலையில் 0.9, மாலையில் 0.2 என்று வந்தது. மாதிரியில் எங்கே தவறு நடந்திருக்கும்? (லேப் டெக்னீசியன்)

பாதி ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். எட்டு மணி நேரத்தில் 0.9 உடலுக்குள் 0.2 ஆக இறங்க முடியாது. ஆகவே தவறு வெளியில்தான். இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் பெயர்ச்சீட்டு, குழாய் மாறியதா என்று. அடுத்து, இரண்டும் ஒரே கருவியில், ஒரே வகைக் குழாயில் எடுத்ததா? சீரம், ஹெப்பாரின் பிளாஸ்மா, இ.டி.டி.ஏ. பிளாஸ்மா ஆகியவற்றில் எதை ஏற்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். தொடர்ந்து பார்க்கும் நோயாளிக்கு முதல் நாள் எந்தக் குழாயோ கடைசி நாள் வரை அதுவேதான். மூன்றாவது, சலைன் ஓடும் கையிலேயே ஊசிக்கு மேற்பக்கம் எடுத்து ரத்தம் நீர்த்ததா? அப்படியானால் ஹீமோகுளோபினும் கூடவே குறைந்திருக்கும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நான்காவது, பிரித்த மாதிரி வெளியில் எவ்வளவு நேரம் கிடந்தது? 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். வெளியில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

பலரும் கேட்க மறப்பது பயோட்டின் என்ற வைட்டமின். முடி, நகம் வளர எடுக்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஸ்ட்ரெப்டாவிடின்–பயோட்டின் முறையில் இயங்கும் கருவிகளில், தேடும் புரதத்தை இருபுறமும் பிடிக்கும் 'சாண்ட்விச்' வகைப் பரிசோதனையின் முடிவை இது பொய்யாகக் குறைத்துக் காட்டும். நோயாளி மதியம் மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைசி மாத்திரைக்குப் பின் குறைந்தது 8 மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தால் விடை கிடைக்கும்.

கோடு பார்த்துச் சொல்லும் துரிதப் பட்டையைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். பட்டை பொதுவாக 0.5, 2, 10 என்ற படிகளை மட்டும்தான் காட்டும். 0.1-ஐயும் 0.25-ஐயும் அதனால் பிரிக்க முடியாது. ஃப்ளூ நோயாளியிடம் நாம் தேடும் இடமே அதுதான். கிட்டில் சொன்ன நேரத்துக்குப் பிந்திப் பார்த்தால் கோடு கருத்துப்போய் ஒரு படி மேலே படிக்க நேரும். கடிகாரம் வைத்துப் படியுங்கள்.

ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்துவது என்பதையும் புரோகால்சிட்டோனின் சொல்லுமா?

இதில்தான் அது மிகவும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. இந்தப் பயன்பாட்டுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதி தந்தது. விதி: நுரையீரல் தொற்றில் 0.25-ஐத் தொட்டாலோ, உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, நோயாளியும் தேறியிருந்தால் நிறுத்தலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உச்சம் 8.0. எண்பது சதவீதம் இறங்கினால் 1.6. மருந்து சரியாகப் பிடித்திருந்தால் நாளொன்றுக்குப் பாதி: 8.0, 4.0, 2.0, 1.0. ஆக உச்சம் கண்ட மூன்றாம் நாள் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆனால் பாக்டீரியா நிமோனியாவுக்குக் குறைந்தபட்சம் 5 நாள் என்று மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல் தனியாகச் சொன்னதையும் மனதில் வையுங்கள். இதற்கு மாறாக 8.0, 7.4, 7.1 என்று நகர்ந்தால் ஏதோ தவறு: மருந்துக்கு அடங்காத கிருமி, மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், நுரையீரலைச் சுற்றிச் சீழ், ரத்தக்குழாயில் விட்ட குழாயில் தொற்று. மருந்தை மாற்றுவதற்கு முன்பு மார்பில் அல்ட்ராசவுண்ட் வைத்து நீர் கோத்திருக்கிறதா பாருங்கள். சீழை வடிக்காமல் எந்த மருந்தும் அந்த எண்ணை இறக்காது.

ரத்தத்திலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தவருக்கு இந்த விதி செல்லாது. குறைந்தது 14 நாள் சிகிச்சை வேண்டும். எண் எவ்வளவு இறங்கினாலும் சரி.

மார்க்கர் உயர்ந்திருக்கிறது. எந்தப் பாக்டீரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்க்கர் கிருமியின் பெயரைச் சொல்லாது. ஆன்டிபயாடிக்கின் முதல் டோசுக்கு முன் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து ரத்தக் கல்ச்சர் எடுங்கள்; பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 3 மில்லி ஊற்றிவிட்டு 'எதுவும் வளரவில்லை' என்பது தேடாமலே கிடைக்கவில்லை என்பதுபோல. தோலில் தடவிய கிருமிநாசினி (குளோரெக்சிடின்) உலரும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தில் குத்தினால் தோலில் வாழும் கிருமி பாட்டிலுக்குள் வந்து, இல்லாத நோய்க்கு மருந்து வாங்கித் தரும். சளி மாதிரி சளியாக இருக்க வேண்டும், எச்சிலாக அல்ல: குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்தில் வாயின் உட்படலத்திலிருந்து உதிரும் எபிதீலியல் செல்கள் 10-க்குக் குறைவாகவும், நியூட்ரோஃபில்கள் 25-க்கு மேலும் இருந்தால்தான் கல்ச்சருக்கு அனுப்பத் தகுதி.

தீவிர சிகிச்சையில் உள்ள ஃப்ளூ நோயாளி ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை, புரோகால்சிட்டோனினும் பெரிதாக ஏறவில்லை என்றால் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சையை நினையுங்கள். அதைத் தேடும் பரிசோதனை கேலக்டோமேனன். ரத்தத்தைவிட, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்ப்பது நல்லது.

விரல் நுனி ரத்தத்தில் வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லும் புதிய கிட் வந்திருக்கிறதாமே?

ஒரு வகை, சி.ஆர்.பி.யோடு எம்.எக்ஸ்.ஏ. என்ற புரதத்தையும் பார்க்கிறது. இது வைரஸ் வந்தால் இன்டர்ஃபெரான் தூண்டி உயர்வது. விரல் நுனி ரத்தத்தில் ஓடுவது இதுதான். இன்னொரு வகை டிரெயில், ஐ.பி.-10, சி.ஆர்.பி. என்ற மூன்று புரதங்களின் அளவையும் கலந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. 35-க்குக் கீழ் வைரஸ், 65-க்கு மேல் பாக்டீரியா, நடுவில் முடிவில்லை. டிரெயில் வைரஸில் ஏறி பாக்டீரியாவில் இறங்குவதால் இந்தச் சேர்க்கை புத்திசாலித்தனமானது. இரண்டும் சேர்ந்திருந்தால் உயர்ந்த மதிப்பெண்தான் வரும். அதாவது 'பாக்டீரியா' என்ற முடிவு ஃப்ளூ இல்லை என்று அர்த்தமாகாது. ஆகவே மதிப்பெண் 80 என்று வந்தாலும் மூக்குப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

ரத்த முடிவு வரும்வரை ஓசெல்டாமிவிரை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு ஃப்ளூ கண்டவருக்கு 75 மில்லிகிராம் காலை, மாலை, 5 நாள். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். படுக்கையில் விழுந்தவருக்கு அதற்குப் பிந்தினாலும் கொடுக்கிறார்கள். புரோகால்சிட்டோனின் 10 என்று வந்தாலும் வைரஸ் அங்கேதான் இருக்கிறது. ஆன்டிபயாடிக் சேரும், ஓசெல்டாமிவிர் தொடரும்.